கிரேக்கக் கட்டடக்கலைக்கும் ரோமானியக் கட்டடக்கலைக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

சுருக்கமாகச் சொன்னால், கிரேக்கர்கள் தூணை நம்பினார்கள், ரோமானியர்கள் வளைவை நம்பினார்கள்.

கிரேக்க முறையில் இரண்டு தூண்கள், மேலே குறுக்காக ஒரு கல் உத்தரம். உத்தரம் நீளமானால் நடுவில் விரிசல் விடும். அதனால்தான் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன. ஆனால் நுணுக்கத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைப் பாருங்கள் (கி.மு. 447–432). தூண்கள் நிற்கும் மேடை மட்டமாகத் தெரியும், உண்மையில் நீண்ட பக்கத்தின் நடுவில் சுமார் 11 செ.மீ. மேடிட்டிருக்கிறது. ஒரு முனையில் தொப்பியை வைத்துவிட்டு மறுமுனையில் கண்ணைத் தரையோடு ஒட்டிப் பார்த்தால் தொப்பி தெரியாது! தூண்களும் லேசாக உள்ளே சாய்ந்தவைதான்.

ரோமானியர்களுக்கு வளைவோடு இன்னொன்றும் கைகொடுத்தது: சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்த கான்கிரீட். ரோமின் பாந்தியான் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் அகலம், உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. மேலே போகப்போக கனம் குறைந்த கல்லைக் கலந்திருக்கிறார்கள். உச்சியில் திறந்த வட்டம். மழை உள்ளேயே கொட்டும், தரையில் வடிகால் துளைகள் உண்டு.

அப்புறம், ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்தின் வெளிச்சுவரில் ஒட்டி நிற்கும் அரைத்தூண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாரத்தை வளைவுகள்தான் சுமக்கின்றன, தூண்கள் பெரும்பாலும் அலங்காரம்.