சைகோன் போன கொள்ளுத்தாத்தாவை எங்கே தேடுவது?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா புதுச்சேரியிலிருந்து சைகோனுக்குப் போய் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தாராம். வீட்டில் மிஞ்சியது ஒரு பென்ஷன் காகிதம்தான். அவரைப் பெற்றவர்கள் பெயர்கூடத் தெரியவில்லை. எப்படித் தேடுவது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் அந்தக் காகிதத்தை லேமினேஷன் செய்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அதில் படையெண் இருந்தால் அதுவே பெரிய பிடி. பிரெஞ்சுப் படைப் பதிவேட்டில் பெற்றோர் பெயர், உயரம், கண் நிறம் வரைக்கும் எழுதுவார்கள்.

அப்புறம், பலரும் பிறப்புப் பதிவைத்தான் தேடுகிறார்கள். நான் கலியாணப் பதிவைத் தேடச் சொல்வேன். வயது, தொழில், பிறந்த ஊர், இரு வீட்டுப் பெற்றோர், சாட்சிகள் என்று ஒரே பக்கத்தில் குடும்பமே கிடைக்கும். நூறு ஆண்டு தாண்டிய புதுச்சேரிப் பதிவேடுகளை, பிரான்சில் எக்ஸான்ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிந்தியவற்றுக்குப் புதுச்சேரி நகராட்சியில் கேளுங்கள்.

தடுக்கி விழும் இடம் பெயர். 'முத்து' என்று தேடும்போது எம், யு என்று தட்டாதீர்கள்; பிரெஞ்சுக்காரர் எம், ஓ, யு என்று எழுதுவார்கள். இன்னொன்று, 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் சாதி மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ரெனோன்சான் என்பது இவர்களைத்தான். அதனால் அப்பா ஒரு பெயரிலும் மகன் வேறு பெயரிலும் இருக்கலாம். உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் பிரெஞ்சுச் சாயலில் இருந்தால், துறப்புப் பதிவையும் தேடுங்கள்.

பிறந்த ஊர் கடலூர்ப் பக்கம் என்று வந்தால் பிரெஞ்சுப் பதிவில் பிறப்பு இருக்காது. பாகூர் பிரெஞ்சுக்காரர் கையில், கடலூர் ஆங்கிலேயர் கையில் இருந்த காலம் அது. அப்போது பழைய நிலப் பத்திரம், கிறிஸ்தவக் குடும்பமானால் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு, இவைதான் வழி.

பதிவில் ஆண்டை எண்ணால் போட மாட்டார்கள், பிரெஞ்சு எழுத்தில் நீட்டி எழுதுவார்கள். புதுச்சேரியில் தெரிந்த சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) வீட்டுப் பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓரக்குறிப்பை விடாதீர்கள். பக்கத்தின் அடியையும் பாருங்கள். சுழித்த பிரெஞ்சு எழுத்துக்கெல்லாம் கீழே, சில பதிவுகளில் தமிழில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அது உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கையாகவே இருக்கலாம். முழுப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள்.