கடையில் இருக்கும் மிரினை விற்றுத் தீர்க்கலாமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். பினாங்கில் சிறிய மினி மார்க்கெட் வைத்திருக்கிறேன். சென்ட் ஸ்ப்ரே, சானிடைசர், வெனிலா எசன்ஸ், ஜப்பானியச் சமையலுக்கான மிரின் எல்லாம் விற்கிறேன். நான்கிலும் ஆல்கஹால் இருக்கிறது. மிரின் வாங்குவது முஸ்லிம் அல்லாதவர்கள்தான். இந்த வியாபாரம் கூடுமா?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். முதலில் மிரினை அலமாரியிலிருந்து இறக்கிவிடுங்கள். அசல் மிரினில் சுமார் 14% ஆல்கஹால் உண்டு. அது அரிசியில் செய்த இனிப்பு மது. சமையலுக்குத்தானே என்பதால் சட்டம் மாறாது. "அதிக அளவில் போதை தருவது எதுவோ, அதில் சிறிதளவும் ஹராம் (விலக்கப்பட்டது)" என்ற நபிமொழி அபூதாவூத், திர்மிதீ என்ற ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. வாங்குபவர் யார் என்பதும் இங்கே கணக்கில் வராது. மதுவின் விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் சபித்த பத்துப் பேரில் குடிப்பவர் ஒருவர்தான். பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அந்தக் காசைத் தின்பவர் என்று பட்டியல் நீள்கிறது.

ஸ்ப்ரேயும் சானிடைசரும் அப்படியல்ல. ஸ்ப்ரே குப்பியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஆல்கஹால் டினாட்' என்று போட்டிருக்கும். குடிக்க முடியாதபடி கசப்போ வேறு பொருளோ கலந்த ஆல்கஹால் என்று அதற்கு அர்த்தம். போதை தரும் திரவம் எதுவானாலும் நஜீஸ் (அசுத்தம்) என்பது ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பிரிவின்) பழைய நிலைப்பாடு. அதனால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் ஸ்ப்ரே அடித்த சட்டையோடு தொழத் தயங்குவார்கள். அந்தப் பேணுதலை நான் மதிக்கிறேன், யாரும் அதைக் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் நீங்கள் இருக்கும் மலேசியாவின் தேசிய ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குழு 2011 ஜூலையில் இதை விரிவாக ஆராய்ந்தது. மது தயாரிப்பின் வழியாக வராத ஆல்கஹால் நஜீஸ் அல்ல, வாசனைத் திரவியத்திலும் மருந்திலும் அதைக் கரைப்பானாகச் சேர்க்கலாம் என்று முடிவு சொன்னது. அதைக் குடிப்பது ஹராம் என்றும் சேர்த்தே சொன்னது. ஆகவே இவற்றைத் தாராளமாக விற்கலாம். குடிப்பதற்காகச் சானிடைசர் கேட்டு வருபவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

வெனிலாவில்தான் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 'எக்ஸ்ட்ராக்ட்' என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 35% ஆல்கஹால் இருந்தாக வேண்டும். எசன்ஸ் வகைக்கு அதே ஃபத்வா குழு இரண்டு நிபந்தனை வைத்தது: அந்த ஆல்கஹால் மது தயாரிப்பில் வந்திருக்கக் கூடாது, கடைசியில் உண்ணும் பொருளில் 0.5%-ஐத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு குப்பிக்கும் இதைச் சரிபார்ப்பது கடைக்காரரால் ஆகிற காரியமில்லை. கிளிசரின் கலந்த, ஹலால் முத்திரை உள்ள எசன்ஸை வாங்கி வையுங்கள்.

மிச்சமிருக்கும் மிரினை மட்டும் விற்றுப் போட்ட பணத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று மனம் கேட்கும். அனாதைகளுக்கு வாரிசுச் சொத்தாக வந்த மதுவை என்ன செய்வதென்று நபித்தோழர் அபூதல்ஹா (ரலி) நபியவர்களிடம் கேட்டார். "கொட்டிவிடு" என்றார்கள். "வினிகராக மாற்றிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டதற்கும் "வேண்டாம்" என்றுதான் பதில் வந்தது.