பெரட்டுக்குப் போன பெண்கள்

அன்புள்ள அம்மா,

நான் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஜூலை 31 வீரர் தினத்தையொட்டி ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், ஜப்பானியர் துணையோடு வெள்ளையரை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென இருந்த ஜான்சி ராணி படையைப் பற்றிப் பேசினேன். பிறகு சக ஆசிரியர் ஒருவர், "ஜப்பான்காரனோடு நின்றவர்களை ஏன் கொண்டாடுகிறீர்கள்? சயாம் ரயிலில் நம் தாத்தாக்களைச் சாகடித்தவன் அவன்தானே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. என் பாட்டியும் அந்தப் படையில் இருந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் ஆதாரமாக ஒரு தாள்கூட இல்லை. அவர் போரிட்டாரா என்பதும் தெரியாது. பாட்டியின் தங்கை மட்டும் ஆயர் ஈத்தாமில் இருக்கிறார். எந்த உரிமையில் நான் பாட்டியைப் பற்றிப் பேசுவது?

ஓர் ஆசிரியை, பினாங்கு

அன்புள்ள டீச்சர்,

உங்கள் சக ஆசிரியர்மேல் வருத்தப்படாதீர்கள். அவர் கேட்டது நம் வீடுகளில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட அந்த ரயில் பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை. சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போடப்பட்ட தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17இல் இணைந்தன. சிங்கப்பூரில் ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது அக்டோபர் 22இல். இடையில் ஐந்தே நாள். பிறகு பர்மாவுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் அதே தண்டவாளத்தின் மேல்தான் பயணம் செய்தார்கள். அண்ணன் புதைந்த இடத்தைத் தங்கை ரயிலில் கடந்து போயிருக்கலாம்.

இதை மறைத்துவிட்டு அந்தப் பெண்களைப் போற்ற முடியாது. இதைச் சொல்லி அவர்களை ஒதுக்கவும் கூடாது. செத்தவர்களும் துப்பாக்கி எடுத்தவர்களும் ஒரே லயத்து, ஒரே தோட்டக் குடியிருப்புப் பிள்ளைகள். இரண்டையும் ஒரே பாடத்தில் சொல்லுங்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

நாம் மேடையில் சொல்லும் பெயர்கள் மிகச் சில. சென்னையில் பிறந்த மருத்துவர் கேப்டன் லட்சுமி. கோலாலம்பூரில் வசதியான வீட்டில் வளர்ந்து, பதினெட்டு வயதில் காதணிகளைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்த ஜானகி. ஈப்போவில் பிறந்த ராசம்மா. மூவரும் படித்தவர்கள்; தங்கள் கதையைத் தாங்களே சொல்ல முடிந்தவர்கள். ஆனால் படையில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் பலர். எந்த நாட்டின் விடுதலைக்காகப் போனார்களோ அந்த நாட்டைப் பார்த்திராதவர்கள்.

'பெரட்டு' என்ற சொல்லை உங்கள் மாணவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். விடியும் முன், பால் மரக்காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்குப் போகுமுன்னே ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது பெரட்டு. கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், முன்னால் தலை நிமிரக் கூடாது. முகாமில் அணிவகுத்து நின்றதையும் அந்தப் பெண்கள் பெரட்டு என்றே சொன்னார்கள். எங்கள் தோட்டத்துப் பெரியம்மா ஒருவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். "அங்கேயும் பெரட்டுதான். ஆனால் அங்கே தலையைக் குனிந்தால் திட்டுவார்கள்" என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக நான் படித்த எதையும் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெரியம்மாவை நாங்கள் பால் வெட்டும் பெண்ணாகத்தான் அறிந்திருந்தோம். நாங்கள் வாசலில் பட்டாளம் விளையாடும்போது வந்து எங்கள் கைகளை நேராக்குவார். "பாயேன், தாயேன்" என்று தாளம் போடுவார். பாட்டு என்று நினைத்தோம். இடம், வலம் என்பதற்கான இந்துஸ்தானிச் சொற்கள் அவை என்று வளர்ந்த பிறகே தெரிந்தது. அவரிடமும் தாள் எதுவும் இல்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும், பெரியம்மாவின் படத்தை அவருடைய அம்மா பயத்தில் அடுப்பில் போட்டுவிட்டாராம்.

போரிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி எனக்குக் கோபம் மூட்டும். உங்கள்மேல் அல்ல, அதை அளவுகோலாக்கிய நம் பழக்கத்தின்மேல். பர்மாவின் மேமியோவில் காயம்பட்டவர்களின் புண்ணைக் கழுவியவர்கள் அவர்கள். போர்முனைக்கு அனுப்பும்படி கேட்டுக் காத்திருந்தவர்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, விமானங்களுக்கு அஞ்சி இரவு இரவாகப் பாங்காக் நோக்கி நடந்தவர்கள். ஆண் சிப்பாய் ஒருவன் இவ்வளவு செய்திருந்தால் சுட்டானா என்று யாரும் கேட்பதில்லை.

திரும்பி வந்த ஜானகி 1946இல் மலாயா இந்திய காங்கிரஸைத் (இன்றைய மலேசிய இந்திய காங்கிரஸ் கட்சி) தொடங்கியவர்களில் ஒருவரானார். ராசம்மா ஆசிரியையானார்; பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களுக்கு இணையான சம்பளம் கேட்டுப் போராடினார். இன்று நீங்கள் வாங்கும் சம்பளத்தில் அந்தப் போராட்டம் இருக்கிறது. எங்கள் பெரியம்மா மறுபடி அதே பெரட்டுக்கு, அதே கிராணி முன்னால் போய் நின்றார். அங்கே எப்படி நின்றிருப்பார் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். கேட்காமல் விட்டுவிட்டேன்.

நீங்கள் விட்டுவிடாதீர்கள். இந்தச் சனிக்கிழமையே ஆயர் ஈத்தாமுக்குப் போங்கள். சின்னப் பாட்டிக்குத் தொண்ணூறாவது இருக்கும்; காலையில், பசியாறியதும் பேசுங்கள். அக்கா போன அன்று வீட்டில் யார் அழுதார்கள், எந்தத் தோட்டம், கூடப் போனவர்கள் யார், திரும்பி வந்தபோது என்ன உடுத்தியிருந்தார் என்று கேளுங்கள். சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 'பாயேன், தாயேன்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதுங்கள்.