புரோட்டோன் சாகா காரின் இடது கால்மாட்டில் மழைத்தண்ணீர்

கதவு ரப்பரை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள்; இப்போதைக்கு மாற்றாதீர்கள். மழை பெய்தால் இடது கால்மாட்டில், அதாவது கால் வைக்கும் இடத்தில், மட்டும் தண்ணீர் நிற்கிறது என்றால், முதலில் வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் மரத்தடியில் நிற்கும் பழைய சாகா என்கிறீர்கள்; சருகு மக்கி வடிகால் துளையை அடைத்திருக்கும், தேங்கும் தண்ணீர், காருக்குள் காற்று போகும் வழியாக உள்ளே இறங்கும்.

சருகை அள்ளிவிட்டு, கார்பெட்டைத் தூக்கி, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் கீழிருந்து மேலாக மெதுவாகத் தண்ணீர் விடட்டும். முதலில் பள்ளம், அப்புறம் கண்ணாடி ரப்பர், கடைசியில் கூரை. மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்றே பிடிபடாது.

வெயில் நாளிலும் நனைந்தால் அது பெரும்பாலும் ஏர்கோன் வடிகுழாய் அடைப்பு. எதுவானாலும் கார்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சைக் காயவைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், தரைத் தகடு துருப்பிடித்தால் வெல்டிங் வரை போய்விடும்.