இசைக் கேள்வி பதில்: பழைய டேங்கோவை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி: சார், போன இதழ்ல பழைய டேங்கோ, அதான் அந்த அர்ஜென்டினா ஆட்ட மியூசிக் பத்தி ரெண்டே வரி எழுதிட்டு நைசா நழுவிட்டீங்க. யூட்யூப்ல தேடினா ஒரே பாட்டை இருபது பேர் வாசிச்சு வெச்சிருக்காங்க. எது ஒரிஜினல், எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? (ஒரு வாசகர், அண்ணா நகர்)

பதில்: ஒரிஜினல் தேடினா பைத்தியம் பிடிச்சிரும் சார். சபால ஒரு தியாகராஜர் கீர்த்தனைய கேட்டுட்டு வெளிய வர்றவங்க யாராவது இதோட ஒரிஜினல் எதுன்னு கேக்குறாங்களா, யார் எந்த பாணில பாடினாங்கன்னுதான கேன்டீன்ல சண்டை. டேங்கோவும் அப்படித்தான், பாட்டு பேர வெச்சு தேடாதீங்க, ஆர்கெஸ்ட்ரா பேர வெச்சு தேடுங்க. சுமாரா 1935லேர்ந்து 1955 வரைக்கும் அவங்க பொற்காலம். அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்ஸ்ல நாலஞ்சு பாண்டோனியன் (பட்டன் வெச்ச துருத்தி வாத்தியம்), அதே அளவு வயலின், ஒரு பியானோ, ஒரு டபுள் பேஸ், இவ்ளோதான் செட்டு. இத வெச்சுகிட்டு ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் வாசிக்கல பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு.

மொதல்ல டாரியென்சோ. ‘தாளத்தின் ராஜா’ன்னு பட்டம். 1935 கடைசில ரொடால்ஃபோ பியாஜின்னு ஒரு பியானோக்காரர் இவர் குரூப்ல சேர்ந்தாரு, 1938ல போயிட்டாரு, ஆனா அந்த ரெண்டு மூணு வருஷத்துல ஆட்டக்களம் திரும்ப நிரம்பிருச்சு. 1937ல இவங்க வாசிச்ச ‘லா கும்பர்சீதா’வ போட்டு கேளுங்க. வயலினும் பாண்டோனியனும் ஒரு அடி முடிச்சு மூச்சு வாங்குற அந்த அரை நொடில பியானோ மேல் ஸ்தாயில டிங்டிங்னு ஒரு துணுக்கு போட்டுட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி உள்ள போயிடும், அடுத்த இடைவெளில திரும்ப வரும், மூணாவது தடவ நீங்களே அதுக்காக காத்துகிட்டு இருப்பீங்க. கால் தானா தட்டும்.

அப்புறம் கார்லோஸ் டி சார்லி. இவரும் பியானோதான், எப்பவும் கறுப்புக் கண்ணாடி. சின்ன வயசுல துப்பாக்கி வெடிச்சு கண்ணுல அடிபட்டதாம். இவர்கிட்ட வயலின்தான் முன்னாடி நிக்கும், பாண்டோனியன் அடக்கமா பின்னாடி. தன் சொந்த ஊர் பேரையே வெச்சு போட்ட ‘பாஹியா ப்ளாங்கா’வோட 1957 ரெக்கார்டிங் கேளுங்க, எடது கை பியானோ மட்டும் தனியா காதுல விழுதான்னு பாருங்க. டாரியென்சோ சாயங்காலம் ஆறு மணி பாரிஸ் கார்னர்னா டி சார்லி விடியக்காலைல பெசன்ட் நகர் பீச்சு. ஒரே மியூசிக், ஒரே ஊரு, ஒரே வாத்தியங்க. எனக்கு யாரு பிடிக்கும்னு கேட்டா டி சார்லி, வயசாகுதுல்ல.

கேள்வி: பாண்டோனியன் பாத்தா நம்ம ஆர்மோனியத்துக்கு சித்தப்பா பையன் மாதிரி இருக்கே? (ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: சரியா பிடிச்சீங்க மேடம். எங்கப்பாவும் நான் ஸ்பீக்கர்ல போட்டப்ப உள் ரூம்லேர்ந்து “யாருடா அது ஆர்மோனியத்த கிழிக்கிறது”ன்னு கத்தினாரு. ரெண்டுமே காத்துல அதிர்ற உலோக நாக்குதான், ரெண்டுமே ஐரோப்பாலேர்ந்து கப்பலேறி போன எடத்துல சொந்தக்காரங்களா ஆனதுதான். பாண்டோனியன் ஜெர்மன்காரன், ஹைன்ரிச் பாண்ட்னு ஒருத்தர் பேருல வந்த பேரு. ஆனா வாசிக்கிறது படு கஷ்டம். 71 பட்டன், துருத்திய இழுக்கிறப்ப ஒரு ஸ்வரம், அதே பட்டன அமுக்கிகிட்டே மூடுறப்ப வேற ஸ்வரம், ஆக ரெண்டு கைக்கும் சேத்து நாலு வரைபடம் மனசுல இருக்கணும். இதுல இன்னொரு வேடிக்க, நம்ம ஆல் இண்டியா ரேடியோ 1940லேர்ந்து 1971 வரைக்கும் ஆர்மோனியத்த தடை பண்ணி வெச்சிருந்தாங்க, அதே நாப்பதுகள்ல பியூனஸ் அயர்ஸ் ரேடியோல ராத்திரியானா பாண்டோனியன் ராஜ்ஜியம். அதுல பெரிய கை அனிபால் த்ரோய்லோ, கண்ண மூடிட்டு குனிஞ்சு வாசிப்பாரு. அவர் பிறந்த ஜூலை 11தான் இன்னிக்கும் அர்ஜென்டினால பாண்டோனியன் தினம். அவர் குரூப்ல ஒரு சின்னப் பையன் 1939ல சேர்ந்து 1944ல கெளம்பினான், பேரு பியாசோலா, பின்னால டேங்கோ பாணியையே மாத்தினவரு. அது வேற கதை.

கேள்வி: டேங்கோ பாடகர் கார்டெல் பாட்டுக்கு ஆடலாமா? (ஒரு வாசகர், தாம்பரம்)

பதில்: கேக்கலாம், அழலாம், ஆடமாட்டாங்க. அவர் பாடினது உக்காந்து கேக்குறதுக்கு. 1935 ஜூன் 24 கொலம்பியால மெடஜின்ல விமான விபத்துல போயிட்டாரு, டாரியென்சோ அலை எழும்பின அதே வருஷம். அதுக்கப்புறம் வந்த ஆட்ட ஆர்கெஸ்ட்ரால பாடகரும் ஒரு வாத்தியம்தான். த்ரோய்லோவோட 1941 ரெக்கார்டுகள்ல பாடகர் ஃபியோரென்டினோ எப்ப வாய தெறக்கிறாருன்னு பாருங்க, பாட்டு ஆரம்பிச்சு கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆன பிறகுதான். நம்ம ஊர் ஹீரோ இத ஒத்துப்பாரா?

கேள்வி: டாக்டருக்குப் படிச்ச பாடகர் யாராவது உண்டா? (ஒரு மருத்துவ மாணவி, கீழ்ப்பாக்கம்)

பதில்: அல்பெர்தோ காஸ்தியோ. பெண்கள் நோய் டாக்டர். கிளினிக்க விட மைக்குக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி.

கேள்வி: ஏன் சார் இவ்ளோ கரகரன்னு இருக்கு? சில சிடில கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. (ஒரு வாசகர், பெரம்பூர்)

பதில்: எல்லாம் 78 ஆர்பிஎம் தட்டு தம்பி, அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து, ஒரு பக்கம் மூணு நிமிஷம், சொல்ல வந்தத அதுக்குள்ள சொல்லி முடிக்கணும். அந்தத் தட்டு ஷெல்லாக், அதாவது அரக்கு, ஒரு பூச்சி மரத்துல விடுற பிசின், அது உலகத்துக்கு பெரும்பாலும் போனது இந்தியாலேர்ந்துதான். ஆக டாரியென்சோ தட்டுல நம்ம பூச்சியும் கொஞ்சம் இருந்திருக்கலாம். இன்னும் கேளுங்க, பியாஜி தனியா போய் வாசிச்சது ஓடியன் கம்பெனிக்கு, அதே ஓடியன் தட்டத்தான் மெட்ராஸ்ல ஏவி மெய்யப்பச் செட்டியார் பங்குதாரரா இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ் போட்டுச்சு. எங்க மாமா பீரோல ஒரு நாடகப் பாட்டு ஓடியன் இருந்துச்சு, லேபிள் மஞ்சளடிச்சு, ஓரத்துல ஒரு பல்லு மாதிரி உடைஞ்சு, ஊசி வெச்சா மொத பத்து வினாடி எண்ணெய்ச்சட்டி சத்தம்தான். ஆசப்பட்டு வெளிநாட்டுலேர்ந்து ஒரு டேங்கோ தட்டு வரவழைச்சேன், மூணு துண்டா வந்துச்சு, அனுப்பினவரு பேக்கிங் நல்லாத்தான் பண்ணேன்னு சாதிக்கிறாரு.

கிணத்துச் சத்தம் வேற சமாசாரம். அர்ஜென்டினால ஆர்சிஏ விக்டர் கம்பெனியோட பழைய மாஸ்டர்கள, அதாவது மூலப் பதிவுகள, அழிச்சுட்டாங்க, அதனால பழைய தட்டு, பின்னால வந்த எல்பி தட்டுலேர்ந்துதான் காப்பி எடுக்கணும், எல்பி போட்ட காலத்துல புதுசா கேக்கட்டும்னு எக்கோவ ஊத்திட்டாங்க. கரகர இருந்தா பரவால்ல, எக்கோ இருந்தா வேணாம், நேரா 78லேர்ந்து எடுத்ததா பாத்து கேளுங்க.

கேள்வி: ஆட்டம் எங்க நடந்தாலும் கடைசில ‘லா கும்பர்சீதா’தானாமே? (ஒரு வாசகி, திருவான்மியூர்)

பதில்: அது அவங்க மங்களம் மேடம். அத போட்டா செருப்ப தேட வேண்டியதுதான். மெட்டு போட்டவரு அர்ஜென்டினாக்காரரே இல்ல, உருகுவேல மான்டேவிடியோ நகரத்து மாணவர், மாதோஸ் ரோட்ரிகஸ், மாணவர் திருவிழா ஊர்வலத்துக்கு மார்ச்சா போட்டாரு, 1917ல ஃபிர்போன்னு ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரர் அத டேங்கோவா மேடையேத்தினாரு. பின்னால வேற ரெண்டு பேர் அதுக்கு வரி எழுத அது பயங்கர ஹிட்டாக, வருஷக்கணக்குல வழக்கு.

கேள்வி: புலியேசேவ விட்டுட்டீங்களே, நியாயமா? (அதே அண்ணா நகர் வாசகர், ரெண்டாவது தபால்)

பதில்: வர்றேன் சார். ஓஸ்வால்தோ புலியேசே, இவரும் பியானோக்காரர், கம்யூனிஸ்ட், தன் ஆர்கெஸ்ட்ராவையே கூட்டுறவு சங்கம் மாதிரி நடத்தினாரு, வருமானத்துல எல்லாருக்கும் பங்கு. அரசியலுக்காக பலமுறை உள்ள தள்ளினாங்க, அப்ப அவர் இல்லாமலே குழு போய் வாசிக்கும், காலியா இருக்கிற பியானோ மேல ஒரு சிவப்புக் கார்னேஷன் பூ. இவரோட ‘லா யும்பா’, 1946 ரெக்கார்டிங் கேளுங்க. ஹெட்போன்ல வேணாம், ஸ்பீக்கர்ல போடுங்க, பக்கத்து ஃப்ளாட்காரர் வந்து கதவ தட்டினா அவரையும் உக்கார வைங்க.