‘ஜர்னிமேன்’ ஏன் நின்றது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஜர்னிமேன்’ என்ற அமெரிக்கக் காலப்பயணத் தொடரை ஒரே வாரத்தில் பார்த்து முடித்தேன். இதைப் போய் 13 எபிசோடோடு ஏன் நிறுத்தினார்கள்? எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம்தான் காரணமா? நண்பர்கள் சேர்ந்து யூடியூபுக்கு ஒரு காலப்பயணத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதிலிருந்து எங்களுக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பழி முழுவதையும் வேலைநிறுத்தத்தின் தலையில் கட்ட முடியாது. அன்றைய அமெரிக்கச் சேனல்கள் புதுத் தொடருக்கு முதலில் 13 எபிசோட்தான் கேட்கும். கூட்டம் சேர்ந்தால் இன்னும் 9 கேட்டு 22 ஆக்கும். இதை ஒளிபரப்பிய என்பிசி சேனல் அந்த 9-ஐக் கேட்கவில்லை. 2007 செப்டம்பர் 24-இல் தொடங்கிய தொடர் இது. திங்கள் இரவு 10 மணிக்கு, ‘ஹீரோஸ்’ முடிந்ததும் வரும். ஹீரோஸ் பார்த்தவர்கள் எழுந்து போகமாட்டார்கள் என்பது சேனலின் கணக்கு, போய்விட்டார்கள். எதிரே சிபிஎஸ்ஸில் ‘சிஎஸ்ஐ: மயாமி’. நவம்பர் 5-இல் வேலைநிறுத்தம் வந்தபோதே தொடர் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. கைவசமிருந்ததை ஒளிபரப்பி டிசம்பர் 19-இல் முடித்துக்கொண்டார்கள். கதை நடக்கும் சான் பிரான்சிஸ்கோவின் பெயரை விளம்பரத்தில் சுமக்கும் ‘ரைஸ்-அ-ரோனி’ என்ற அரிசி உணவு பாக்கெட்டுகளை ரசிகர்கள் சேனலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதில் இயந்திரம் கிடையாது. நாயகனான நிருபர் டான் வாசருக்குத் தலை வலிக்கும், ஆள் மறைவான். எந்த ஆண்டில் விழுவான், எப்போது திரும்புவான் என்பது அவன் கையில் இல்லை. உங்களுக்கு செட் செலவு மிச்சம். ஆனால் அவன் இல்லாத நேரத்தில் வீட்டுக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. தொடரின் உயிர் அங்கேதான். இரண்டாவது எபிசோடில் பறக்கும் விமானத்திலிருந்தே மறைந்துவிடுகிறான். இருக்கை காலி, பக்கத்தில் மனைவி. அவள் யாரிடம் என்ன சொல்வாள்?

ஆகவே ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் போன காலத்தின் தேதி, மணி. வலப்பக்கம் அதே நேரத்தில் வீட்டில் யார் எங்கே. வலப்பக்கம் காலியாகக் கிடந்தால் அந்த எபிசோடைத் திரும்ப எழுதுங்கள்.

அடுத்தது சட்டைப்பை. தலைவர் படத்தைப் பெரிதாகப் போட்ட 100 டாலர் நோட்டு 1996-இல் வந்தது, 20 டாலர் 1998-இல். 2007-இன் ஆள் அதை 1989-இல் நீட்டினால் கள்ளநோட்டு என்பார்கள். உங்கள் நாயகன் 2015-க்குப் போனால் புது 500 ரூபாய் நோட்டு இதே வேலையைச் செய்யும். ‘தி ஹேங்ட் மேன்’ எபிசோட் முழுக்க இந்தச் சிக்கல்தான்: ஒரு டிஜிட்டல் கேமராவைக் கடந்தகாலத்தில் விட்டுவிட்டு வருகிறான். திரும்பினால் தொழில்நுட்பம் எங்கேயோ முன்னேறிப் போயிருக்கிறது, மகன் இருந்த இடத்தில் ஒரு மகள். சரிசெய்யப் போனால் அந்தப் பெண் இல்லாமல் போவாள். தொடரின் ஆகச்சிறந்த எபிசோட் அது. இந்த வித்தையை ஒரு தொடரில் ஒருமுறைதான் காட்டலாம். மறுமுறை காட்டினால் எந்த இழப்புக்கும் கனம் இருக்காது.

ஆண்டைத் திரையில் எழுதிக் காட்டாதீர்கள். 1989 அக்டோபர் 17 மாலை 5:04-க்கு வந்த நிலநடுக்கத்தைச் சான் பிரான்சிஸ்கோவில் யாரும் மறக்கவில்லை. மூன்றாவது எபிசோட் அந்த நினைவின் மேல் நிற்கிறது. பார்ப்பவருக்கு மணி தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது.

சறுக்கியது லாங்லி விஷயத்தில். டேக்கியான் என்ற, ஒளியைவிட வேகமாகப் போகும் கற்பனைத் துகளை ஆராயும் இந்த விஞ்ஞானிக்கு ஏதோ தெரியும் என்று காட்டிக்கொண்டே இருந்து, பதிலை அடுத்த சீசனுக்கு ஒத்திப்போட்டார்கள். அந்த சீசன் வரவில்லை. நீங்கள் ஆறு எபிசோட் எழுதினால், மூன்றாவதிலேயே பாதிப் பதிலைச் சொல்லிவிடுங்கள்.