டொர்னாடோவைத் தேடிப் போகுமுன்: கேள்வி பதில்

அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் டொர்னாடோ எனும் சுழல்காற்றைப் பார்க்க இடிப்புயல்களைப் பின்தொடரும் நண்பர்கள் அனுப்பியவற்றிலிருந்து சில கேள்விகள்.

கேள்வி: கேப் (CAPE, இடிப்புயலுக்குக் கிடைக்கும் ஆற்றல்) கிலோகிராமுக்கு 4000 ஜூல் என்று கணினிக் கணிப்பு காட்டியது. நாள் முழுக்க ஒக்லஹோமாவில் காத்திருந்தோம். ஒரு மேகம்கூடத் திரளவில்லை. ஏன்?

பதில்: மூடி திறக்கவில்லை. கேப் என்பது காற்றில் சேர்ந்திருக்கும் எரிபொருளின் அளவு மட்டுமே. தென்மேற்கு மேட்டு நிலங்களிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று, ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பலகைபோல் படிந்துவிடும்; அதுதான் மூடி. கீழிருக்கும் ஈரக்காற்று அதை முட்டித் திறக்க வேண்டும். நண்பகலிலேயே திறந்தால் எங்கும் புயல் கிளம்பி, ஒன்றோடொன்று கலந்து கெட்டுவிடும். மாலை நான்கைந்து மணிக்கு, ஓரிரு இடங்களில் மட்டும் திறப்பதே நமக்கு வேண்டியது. காலை 7 மணிக்கு ஒக்லஹோமாவின் நார்மன் நகரில் விடும் வானிலை பலூனின் வரைபடத்தில் அந்தச் சூடான அடுக்கு எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். பிறகு உலர்கோட்டை, அதாவது மேற்கின் வறண்ட காற்றும் கிழக்கின் ஈரக்காற்றும் சந்திக்கும் எல்லையை, கவனியுங்கள். அதன் கிழக்கே தரைக்காற்று தென்கிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால் எனக்கு நம்பிக்கை பிறக்கும்; தென்மேற்குக்குத் திரும்பிவிட்டால் பாதி நம்பிக்கை போய்விடும்.

கேள்வி: சூப்பர்செல் (உள்ளே சுழன்றபடி காற்று மேலெழும் பெரிய இடிப்புயல்) உருவாகும் என்றால் டொர்னாடோவும் வரும்தானே?

பதில்: இல்லை. பெரும்பாலான சூப்பர்செல்கள் டொர்னாடோ இல்லாமலே அடங்கிவிடுகின்றன. தரைக்காற்றுக்கும் 6 கிலோமீட்டர் உயரக் காற்றுக்கும் இடையே ஏறக்குறைய 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) வேறுபாடு இருந்தால் சூப்பர்செல்லுக்குப் போதும். டொர்னாடோவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தரையை ஒட்டிய முதல் ஒரு கிலோமீட்டர். அங்கே காற்று உயர உயரத் திசை மாறி வலுக்க வேண்டும். மேகத்தின் அடியும் 1000 மீட்டருக்குக் கீழே இருந்தால் நல்லது. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை) இடைவெளி கூடினால் மேக அடி உயர்ந்துவிடும்; மழை வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். அந்தக் குளிர்காற்று புயலின் காலையே வாரிவிடும். பொழுது சாயும் வேளையில் தாழ்மட்டக் காற்று வலுப்பதால், மாலை முழுக்கச் சோம்பிக் கிடந்த புயல்கூடத் திடீரென உயிர்பெறும்.

கேள்வி: அமெரிக்கப் புயல் கணிப்பு மையத்தின் ஐந்து அபாயப் படிகளில் இரண்டாவதுதான் இன்றைக்கு. வீட்டிலேயே இருந்துவிடலாமா?

பதில்: படியின் பெயரை விட்டுவிட்டு டொர்னாடோ நிகழ்தகவு வரைபடத்தைப் பாருங்கள். ஐந்தாம் படி நாளில் புயல்கள் பெரும்பாலும் அதிவேகமாக ஓடும். எனக்கு அதைவிட, மெதுவாக நகரும் ஒற்றைப் புயல் கிடைக்கும் இரண்டாம் படி நாளே பிடிக்கும்.

கேள்வி: எந்தப் பக்கம் நிற்பது?

பதில்: புயல் வடகிழக்கே நகர்ந்தால் அதன் தென்கிழக்கில். ஆலங்கட்டியும் கனமழையும் பெரும்பாலும் வடக்குப் பக்கம் விழும். ஆனால் புயல் அதே திசையில் போகும் என்று நம்பி நிற்காதீர்கள். 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரெனோ டொர்னாடோ திசை மாறி, வேகமெடுத்து, 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்தது. டிம் சாமராஸ், அவர் மகன் பால், கார்ல் யங் மூவரும் அதில் இறந்தார்கள். டொர்னாடோவின் பாதையில் கருவி வைத்து, 2003இல் 100 மில்லிபார் அழுத்த வீழ்ச்சியைப் பதிவு செய்தவர் சாமராஸ். அவ்வளவு தேர்ந்தவர். அதனால்தான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: காலையில் பலூன் வரைபடம் பார்க்கும்போதே சாலை வரைபடத்தையும் விரியுங்கள். தெற்கே தப்பிக்க இரண்டு தார்ச்சாலை இல்லாத இடத்தில் புயல் எவ்வளவு அழகாக இருந்தாலும் போகாதீர்கள்.

கேள்வி: இரவில்?

பதில்: வேண்டாம்.

கேள்வி: கைப்பேசியில் ரேடார் இருக்கிறதே, அதை வைத்து நெருங்கலாமா?

பதில்: கூடாது. திரையில் தெரியும் படம் பல நிமிடங்கள் பழையதாக இருக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் நகரும் புயல் ஐந்து நிமிடத்தில் 5 கிலோமீட்டர் வந்திருக்கும். டொர்னாடோ மழைத்திரைக்குள் மறைந்து, சிக்னலும் போய்விட்டால் அங்கேயே நின்று தேடாதீர்கள்; உடனே விலகிவிடுங்கள்.